பழம்பாடல்களுக்கு நடவுப் பாட்டு மெட்டு: ஒரு குழந்தைப் பாடல் ஒலித்தொகுப்பு உருவான நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைப் பகுதியில் நாற்று நடவிலும் முளைப்பாரிக் கும்மியிலும் பாடிப் பழகிய ஒரு நாட்டுப்புறப் பாடகி, பழைய தமிழ்க் கவிதைகள் சிலவற்றைக் குழந்தைகளுக்காகப் பாடி ஒலித்தொகுப்பாக வெளியிட்ட முயற்சியை இந்த ஆய்வு தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதிவு செய்கிறது. பாடகிக்கு அப்போது 58 வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தாயிடம் வயல் வரப்பில் கேட்டுக் கேட்டே நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை மனத்தில் வைத்திருப்பவர். தமிழாசிரியனாகிய நான் கவிதைகளைத் தேர்ந்து அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றேன். ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் நண்பர் ஒருவரும், அருகிலிருந்த தொடக்கப் பள்ளியின் ஆசிரியை ஒருவரும் உடனிருந்தார்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இந்த முயற்சிக்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. தமிழ்ச் செய்யுள் ஓசையை முதன்மையாகக் கொண்டு பிறந்தது. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று ஒவ்வொரு பாவுக்கும் உரிய ஓசையை இலக்கணமே வகுத்துத் தந்திருக்கிறது. பாரதியார் சிந்து வடிவத்தை எடுத்தாண்டதும், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கு எழுதியவை கைகொட்டிப் பாட ஏற்றவையாக அமைந்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே. ஆனால் இன்றைய வகுப்பறையில் செய்யுள் என்பது மனப்பாடப் பகுதியாகச் சுருங்கி, ஒரே இழுவையில் ஒப்பிக்கப்படுகிறது. ஓசை உயிரோடு இருக்கும் தொண்டையிலிருந்து இந்தக் கவிதைகளைக் குழந்தைகள் கேட்க வேண்டும் என்று விரும்பினோம்.

பாடல் தேர்வு

முதலில் 9 பாடல்களைத் தேர்ந்தோம். பாரதியாரின் பாப்பா பாட்டு, கவிமணியின் வெள்ளைப்பசுப் பாட்டு, பாட்டி வீட்டுப் பழம்பானைக்குள் புகுந்த சுண்டெலியைப் பற்றிய அவருடைய மற்றொரு பாட்டு, ஔவையாரின் ஆத்திசூடியில் உயிர்வருக்கத்தின் 13 அடிகள், சத்திமுத்தப் புலவரின் ‘நாராய் நாராய்’ என்று தொடங்கும் அகவல், பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்றின் 188ஆம் பாடல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

உரிமை பற்றிய கேள்வியைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். குறைந்தபட்சம் கவிதைகளின் அளவில். இந்தியச் சட்டப்படி ஓர் எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் அவருடைய படைப்புக்கு உரிமைக் காப்பு உண்டு. பாரதியார் மறைந்தது 1921இல். அவர் படைப்புகளின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு 1949இல் பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. கவிமணி 1954இல் மறைந்தார். அவருக்கான 60 ஆண்டுகள் 2014இன் இறுதியோடு நிறைந்தன. எங்கள் பட்டியலில் மறைந்து 60 ஆண்டு நிறையாத ஒரு குழந்தைக் கவிஞரின் பாடலும் இருந்தது. அவருடைய வாரிசுகளிடமிருந்து எழுத்து வடிவில் இசைவு பெறும் வரை அதைத் தொடுவதில்லை என்று ஒதுக்கி வைத்தோம். இசைவு வந்து சேரவில்லை. அந்தப் பாடல் தொகுப்பில் இடம்பெறவும் இல்லை.

முதல் ஒலிப்பதிவு

பாடகிக்கு அச்சிட்ட நூலைக் கொடுத்துப் பயனில்லை என்பதால், ஒவ்வொரு கவிதையையும் நான் வாசித்து வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். அவர் அதை வேலைக்கு நடுவே திரும்பத் திரும்பக் கேட்டு, இரண்டு மூன்று நாளில் மெட்டோடு திருப்பி அனுப்புவார். வெள்ளைப்பசுப் பாட்டுக்கு அவர் எடுத்தது முளைப்பாரிக் கும்மியின் நடை. பாப்பா பாட்டுக்கு எடுத்தது அவருடைய தாய் நடவின்போது பாடிய ஒரு மெட்டு. முதன்முறை அதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அந்த மகிழ்ச்சியில், கவனித்திருக்க வேண்டிய சிலவற்றை நான் கவனிக்கத் தவறினேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒலிப்பதிவு இரண்டு நாளில் முடிந்தது. கூடத்தின் வழக்கப்படி, சீரான தாளக் கிளிக்கை ஹெட்போனில் கேட்டபடியே பாடச் சொன்னோம். கீபோர்டில் முன்கூட்டியே அமைத்த இசைக்கு மேல் அவருடைய குரல் ஏற்றப்பட்டது. நடவுப் பாட்டு வேலையோடு சேர்ந்து மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும் இயல்புடையது. கிளிக் அதை அனுமதிக்கவில்லை. அவர் இரண்டு முறை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “இது என்னைப் பிடிச்சு இழுக்குது தம்பி” என்றார். பழகினால் சரியாகிவிடும் என்று நான் அவரிடம் சொன்னேன்.

வகுப்பறையில் கண்டவை

மிக்ஸிங் முடிந்த 8 பாடல்களையும் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 23 பேருக்கு ஒரு வாரம் நாள்தோறும் கேட்கச் செய்தோம். ஆசிரியை ஒரு குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதி வந்தார். நானும் மூன்று நாள் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன்.

குழந்தைகள் ஆர்வமாகக் கேட்டார்கள்; ஆனால் உடன் பாடவில்லை. வெள்ளைப்பசுப் பாட்டு ஒன்றுதான் விதிவிலக்கு. அதன் அடிகள் ‘வெள்ளைப்பசு’, ‘கன்றுக்குட்டி’ என்று மாறி மாறி முடிவதால், இரண்டாம் நாளே அந்தச் சொற்கள் வரும் இடத்தில் மட்டும் சேர்ந்து கத்தினார்கள். மற்றப் பாடல்களில் உதடு அசையும், குரல் எழாது.

மூன்றாம் நாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “லாகாதுன்னா என்ன டீச்சர்?” என்று கேட்டாள். பாப்பா பாட்டின் இரண்டாம் அடி பழைய பதிப்புகளில் ‘ஓய்ந்திருக்க லாகாது’ என்று சீர் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் பாட்டிலும் ‘ஓய்ந்திருக்க’ என்பதோடு மெட்டு நின்று, மூச்சு வாங்கி, பிறகு ‘லாகாது’ என்று தொடங்கியது. ‘ஓய்ந்திருக்கல் ஆகாது’ என்பது அந்தக் குழந்தையின் காதில் விழவே வாய்ப்பில்லை. அன்று மாலை என்னுடைய பழைய குரல் பதிவுகளை எடுத்துக் கேட்டேன். நான்தான் அப்படி வாசித்திருந்தேன். அலகிட்டு, அதாவது செய்யுளைச் சீர் சீராகப் பிரித்து அளந்து, பழகிய நாவால் ஒவ்வொரு சீருக்கும் இடைவெளி விட்டு, ஒப்பிக்கும் குரலில் வாசித்திருந்தேன். பாடகி அந்த இடைவெளிகளை அப்படியே மெட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். எட்டுப் பாடல்களிலும் இத்தகைய இடங்கள் 14 இருந்தன. பிழை அத்தனைக்கும் மூலம் என்னுடைய வாசிப்பு.

இரண்டாவது தடை சுருதி. பாடகி 5½ கட்டை என்ற சுருதி உயரத்தில் பாடுகிறார். உச்சத்தில் மேல் ஸ்தாயியின் பஞ்சமம் (‘ப’) வரை எளிதாக ஏறுகிறார். மைக் இல்லாத வயல்வெளியில் எதிர் வரப்புக்குக் கேட்கப் பாடிய தொண்டை அது. ஆறேழு வயதுக் குழந்தைகளால் அந்த உயரத்துக்குக் கத்த முடிகிறதே தவிரப் பாட முடிவதில்லை. அவர் கீழ் ஸ்தாயியாகிய மந்தரத்துக்கு இறங்கும் இடங்களில் குழந்தைகளின் குரல் காணாமலே போனது.

ஆத்திசூடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘அறஞ்செய விரும்பு’ என்றதுமே குழந்தைகள் தங்களுக்குப் பழக்கமான ஒப்பிக்கும் நடையில் பாடகியை முந்திக்கொண்டு ஓடினார்கள். புது மெட்டை அவர்கள் ஏற்கவே இல்லை. அதைத் தொகுப்பிலிருந்து நீக்கினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முடிந்த பதிவில் அங்கங்கே திருத்துவதா, முதலிலிருந்து தொடங்குவதா என்ற கேள்வி எழுந்தது. செலவைக் கருதிக் கூடத்து நண்பர் முதல் வழியை விரும்பினார். மூச்சு விடும் இடம் மாறினால் மெட்டின் வளைவே மாறும் என்று பாடகி சொன்னார். அவர் சொன்னதை ஏற்றுப் புதிதாகத் தொடங்கினோம்.

இம்முறை குரல் பதிவு அனுப்பவில்லை. பள்ளியின் வராந்தாவில் அமர்ந்து, ஒவ்வொரு கவிதையையும் கதை சொல்வது போலப் பொருள் தொடர்பு கெடாமல் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பொருள் கேட்டார். ‘நாராய்’ பாட்டில் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிடும் அடி வந்தபோது, நான் விளக்கத் தொடங்கும் முன்பே அவர் சிரித்துவிட்டார். அது தை மாதம். மறுநாள் மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு கொண்டுவந்து, குழந்தைகள் முன்னால் ஒன்றை நுனியிலிருந்து நகத்தால் கீறி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். நார் பிரிந்து, கூர்மையான இரண்டு பாதிகள் அடியில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றைத் திறந்து மூடிக் காட்டியதும் முன்வரிசையிலிருந்த பையன், “கொக்கு வாய்!” என்று கூவினான். ‘பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன’ என்ற அடிக்கு என் இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் இதைவிடத் தெளிவான உரையை நான் சொன்னதில்லை.

அந்தப் பாட்டின் பிற்பகுதியில், கூடல் மாநகரத்தில் குளிர்காற்றில் உடுக்க உடையின்றி வாடும் புலவர் ‘கையது கொண்டு மெய்யது பொத்திக் காலது கொண்டு மேலது தழீஇ’ ஒடுங்கிக் கிடக்கிறார். பொருள் சொன்னதும் குழந்தைகள் தாமாகவே கைகளால் மார்பைப் பொத்திக்கொண்டு, முழங்காலை மடக்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். பாடகி அவர்களைப் பார்த்தபடியே மெட்டை மாற்றினார். முதல் பதிவில் வேகமாகக் கடந்து போன ‘தழீஇ’ என்ற அளபெடை, இப்போது குழந்தைகள் உடலைச் சுருக்கிக்கொள்ளும் நேரம் அளவுக்கு நீண்டது. அளபெடை ஓசை நிறைக்க வருவது என்று பாடம் நடத்துகிறவன் நான். அது நிறைவதை அன்றுதான் கேட்டேன்.

சொல் மாற்றம் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. அதே ‘நாராய்’ பாட்டில் வரும் ‘பேழையுள் இருக்கும் பாம்பென’ என்பதைப் பாடகி ‘பெட்டிக்குள்ளே இருக்கும் பாம்பா’ என்று பாடிப் பார்த்தார். குழந்தைக்குப் புரியும் என்பது அவருடைய நியாயம். வாய்மொழி மரபில் பாடுகிறவர் சொல்லை மாற்றுவது குறையும் அன்று. ஆயினும் இது ஒரு புலவரின் பாடமாக நிலைத்துவிட்டது என்பதையும், ‘பேழை’ என்ற சொல் குழந்தைக்குப் போய்ச் சேர வேறு வழி அரிது என்பதையும் சொன்னேன். பேசி முடித்தபோது ஒரு வரையறை கிடைத்தது: அடியைத் திரும்பப் பாடலாம், ‘நாராய் நாராய்’ என்பதைப் பின்பாட்டாக எத்தனை முறையும் கொண்டுவரலாம், ‘தன்னானே’ சேர்க்கலாம், சொல்லை மட்டும் மாற்றுவதில்லை. இந்த வரையறை எல்லாப் பாடல்களுக்கும் பொருந்தி வந்தது.

சுருதியைப் பொறுத்தவரை அவருடைய கட்டையை மாற்றவில்லை. மெட்டின் எல்லையைச் சுருக்கி, மேலே மேல் ஸ்தாயியின் ரிஷபத்தோடும் (‘ரி’) கீழே நடு ஸ்தாயியின் காந்தாரத்தோடும் (‘க’) நிறுத்திக்கொண்டோம். அந்த எல்லைக்குள் குழந்தைகளின் குரல் தடையின்றி வந்தது. கீபோர்டையும் கிளிக்கையும் விட்டுவிட்டு, கடம், ஜால்ரா, கைத்தட்டல் ஆகியவற்றோடு எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே நேரத்தில் பதிவு செய்தோம். வேகம் கூடும் இடத்தில் கூடியது.

புறநானூற்றுப் பாடல்

இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. புறநானூற்றின் 188ஆம் பாடல் ஏழு அடிகள் கொண்டது. குறுகுறுவென நடந்து வந்து, சிறு கையை நீட்டி, நெய்ச்சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும் உடலெல்லாம் சிதறிக்கொள்ளும் குழந்தையை அதன் நடு மூன்று அடிகள் கண்முன் நிறுத்துகின்றன. கடைசி இரண்டு அடிகள், அத்தகைய மக்களைப் பெறாதவர்கள் வாழும் நாள் பயனற்றது என்று முடிகின்றன.

முதல் பதிவின்போது நான் நடு அடிகளின் பொருளை மட்டும் மகிழ்ச்சியோடு விளக்கியிருந்தேன். கடைசி அடிகளைப் பொருள் சொல்லாமலே வாசித்து அனுப்பினேன். அவரும் அப்படியே பாடிவிட்டார். இரண்டாம் முறை வராந்தாவில் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டுக்கொண்டு வந்தவர், “கடைசி ரெண்டு அடி என்ன சொல்லுது தம்பி?” என்றார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப இது என்னைச் சொல்லுது” என்றார். அவருக்குக் குழந்தை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், பொருள் அறியாமல் அந்த அடிகளை அவர் வாயாலேயே ஒருமுறை பாட வைத்திருக்கிறேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று மேற்கொண்டு வேலை நடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே பேச்சைத் தொடங்கினார். பாட்டை விட்டுவிடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். சோற்றைத் துழாவும் பிள்ளையை அவர் தம் அக்காள் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார். அந்த மூன்று அடியும் தமக்கு வேண்டும் என்றார். சங்கப் பாடலை இடையில் வெட்டலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆசிரியை ஒரு கருத்தைச் சொன்னார்: கடைசி அடிகள் பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் கூற்று, நடு அடிகளில் மட்டுமே கேட்கும் குழந்தை தன்னைக் காண்கிறது. அதோடு, எந்தக் குழந்தையின் வீட்டில் எந்தச் சித்தியோ அத்தையோ அதைக் கேட்கப் போகிறார் என்பது நமக்குத் தெரியாது. மூன்று அடிகளை மட்டும் பாடுவது, உறையோடு வரும் சிறு நூலில் ஏழு அடிகளையும் முழுமையாக அச்சிட்டு, பாடப்பட்ட பகுதி எது என்று வெளிப்படையாகக் குறிப்பது என முடிவு செய்தோம். மூல நூலை மறைக்கவும் இல்லை, பாடுகிறவரை வருத்தவும் இல்லை என்ற அளவில் அந்த முடிவை இன்றும் சரியென்றே கருதுகிறேன்.

வெளியீடும் உரிமைச் சிக்கலும்

7 பாடல்களோடு தொகுப்பு வெளிவந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் குரல் இல்லாத வடிவம் ஒன்றையும் சேர்த்தோம். பள்ளிகளுக்குப் பென்டிரைவிலும், மற்றவர்களுக்கு இணையத்திலும் கிடைக்கச் செய்தோம்.

இணையத்தில் ஏற்றிய மறுவாரம் ஒரு தவறு தெரிய வந்தது. விநியோகப் படிவத்தில் இசையமைப்பாளர் என்ற கட்டத்தில், முதல் பதிவில் கீபோர்டு வாசித்தவரின் பெயர் இருந்தது. பழைய படிவத்தையே கூடத்தில் மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சரிசெய்ய முயன்றபோது, எங்கள் ஒப்பந்தமே குறையுடையது என்பது வெளிப்பட்டது. நான் தயாரித்த ஒரு பக்கத் தாளில் பாடியதற்கு ஒரு தொகை என்று மட்டுமே இருந்தது. மெட்டு யாருடையது என்ற பேச்சே இல்லை. அவர் கையொப்பமிடும் முன் அதை நான் வாசித்துக் காட்டவும் இல்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனிப் படைப்புகள். மெட்டைக் குறியீடாக எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாயால் அமைத்த மெட்டும் இசைப்படைப்பே. பாடுகிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக 50 ஆண்டு காப்பு உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வருவாயில் பங்கு பெறும் உரிமையை உறுதிப்படுத்தியது. எங்கள் பாடல்களில் கவிதைகள் பொதுவுடைமை. அதனால் மெட்டின் பங்கு இன்னும் முக்கியமாகிறது. மரபு மெட்டு யாருக்கும் தனிச்சொத்து ஆகாது என்றாலும், அதை இந்தக் கவிதைக்கு இசைவாக வடிவமைத்தவர் பாடகியே. புதிய ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, அவருக்கும் அவர் அழைத்து வந்த தங்கை மகனுக்கும் முழுவதுமாக வாசித்துக் காட்டி, அவர் கேட்ட இரண்டு மாற்றங்களையும் செய்த பிறகு கையொப்பம் பெற்றோம். இணையப் பதிவுகளிலும் பெயர் திருத்தப்பட்டது.

பின்விளைவு

அதே பள்ளியில் அடுத்த ஆண்டு வந்த குழந்தைகளுக்கும் ஆசிரியை பாடல்களைப் பயன்படுத்தினார். மிகக் கடினம் என்று நாங்கள் நினைத்த ‘நாராய்’ அகவலே அதிகம் பாடப்பட்டது. குளிக்க வைக்கும்போது குழந்தை கையைக் கட்டிக்கொண்டு ‘மெய்யது பொத்தி’ என்று பாடுவதாக ஒரு தாய் வந்து சொன்னார். வெள்ளைப்பசுப் பாட்டில் வகுப்பை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி பசுவாகவும் மறு பாதி கன்றாகவும் பாடும் வழக்கத்தைப் பாடகி நேரில் வந்து தொடங்கி வைத்தார். ‘லாகாது’ பற்றி யாரும் கேட்கவில்லை. சுண்டெலிப் பாட்டு எதிர்பார்த்த அளவு பரவவில்லை. அதில் கதை நீளமானது, நாங்கள் கொடுத்த மெட்டு ஒரே வட்டமாகச் சுற்றுகிறது. அதை இன்னொரு மெட்டில் முயல வேண்டும்.

மாற்ற வேண்டியவை

மீண்டும் இப்படி ஒரு தொகுப்பைத் தொடங்கினால், கூடத்துக்குள் நுழையும் முன் வகுப்பறையில் ஒரு மாதமாவது பாடிப் பார்ப்போம். நாங்கள் இரண்டு முறை செலவு செய்ததற்குக் காரணம் அந்த வரிசை தலைகீழாக இருந்ததுதான். கவிதையைக் குரல் பதிவாக அனுப்பும் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிடுவேன். பாடுகிறவர் இடையில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்க அதில் இடமில்லை. சீர் பிரிப்பு, புறநானூற்றின் கடைசி அடிகள், ஒப்பந்தத் தாள் ஆகிய மூன்றிலும் நேர்ந்தது ஒன்றே: பாடுகிறவருக்கு முழுவதும் சொல்லப்படவில்லை. குழந்தை இல்லாதவர், துணையை இழந்தவர் போன்றோரைத் தொடும் அடிகள் பழைய பாடல்களில் பல உண்டு. அவற்றைத் தேர்வு செய்யும்போதே பாடுகிறவரோடு பேசிவிட வேண்டும்.

இரண்டாம் முறை அச்சிட்ட உறையில், பாப்பா பாட்டுக்கு நேராக ‘மெட்டு’ என்ற இடத்தில் பாடகியின் பெயரோடு அவருடைய தாயின் பெயரும் இருக்கிறது. அதை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டபோது, ஊர்ப் பெயரையும் முன்னால் சேர்க்கச் சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்றார்.